மணிக்கு 21 டாலர், கடித்தால் கையை இழுக்கக் கூடாது: ஆர்பிடி வேலை பற்றி

நியூஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கும் நம்மூர்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். "எச்4 ஈஏடி வந்துடுச்சுக்கா, ஐடி இன்டர்வியூ எல்லாம் எனக்குச் சரிப்படாது, ஆர்பிடி பண்ணலாமா? ஈஸியா வேலை கிடைக்குமாமே?" (எச்4 ஈஏடி என்பது எச்1பி விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைக்கும் வேலை அனுமதி. ஆர்பிடி என்பது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுக்கும் வேலை.) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுவது போல இந்த வேலைக்கும் ஒன்று எழுதி வைக்கிறேன், இனி லிங்க் மட்டும் அனுப்பிவிடலாம். நான் இதில் இரண்டே முக்கால் வருடமாக இருக்கிறேன், இரண்டு நிறுவனம் பார்த்தாயிற்று, இரண்டின் பெயரையும் சொல்லப் போவதில்லை. குழந்தைகளின் அடையாளம் தெரியும்படியும் எதுவும் எழுத முடியாது, சில விவரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில், ஈஸியாகக் கிடைக்குமா என்றால், கிடைக்கும். வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்காவில் 8 வயதுக் குழந்தைகளில் 31 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2025-இல் சொன்னது, நியூஜெர்சி எண்ணிக்கை அந்தச் சராசரியையும் தாண்டியே இருக்கும். இந்தப் பயிற்சிக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்தாக வேண்டும் என்று இந்த மாநிலம் 2009-லேயே சட்டம் போட்டுவிட்டது, பத்து வருடத்துக்குள் 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் அது வந்துவிட்டது. தேவை இருக்கிறது, பணம் இருக்கிறது, தரையில் உட்கார ஆள்தான் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆர்பிடி என்பது ரெஜிஸ்டர்ட் பிஹேவியர் டெக்னீஷியன். ஏபிஏ என்கிற நடத்தைப் பயிற்சியைக் குழந்தையிடம் நேரடியாகச் செய்பவர். என்ன சொல்லிக்கொடுப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று திட்டம் போடுபவர் பிசிபிஏ, முதுகலை படித்தவர். இன்ஜினியர் வரைபடம் போடுவார், செங்கல் வைப்பது கொத்தனார் அல்லவா, அதில் நாம் கொத்தனார். சம்பள நாளில் மட்டும் சித்தாள்.

தகுதி பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. 18 வயது, பள்ளி முடித்த சான்று, பின்னணிச் சோதனை, 40 மணி நேரப் பயிற்சி, ஒரு பிசிபிஏ நம்மை வேலை செய்ய வைத்துப் பார்த்துத் தரும் திறன் மதிப்பீடு, அப்புறம் ஒரு தேர்வு. அந்த 40 மணி நேரத்தை 5 நாளுக்குக் குறைவாக முடிக்க விடமாட்டார்கள், 180 நாளுக்கு மேல் இழுக்கவும் முடியாது. நான் மகளைத் தூங்க வைத்துவிட்டு மூன்று வாரம் ராத்திரியில் உட்கார்ந்து முடித்தேன். நிறுவனம்தான் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டியது, ஆனால் அந்த 40 மணி நேரத்துக்குச் சம்பளம் தரவில்லை (இதை வேலையில் சேரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தரும் இடங்களும் உண்டு). ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல் வாசித்துக்கொண்டே போகும், நாம் தூங்கிவிட்டோமா என்று பார்க்க நடுநடுவே ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். பாதி நாள் நான் தூங்கித்தான் இருந்தேன்.

ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம் மட்டும் காசு பெறும். ஒரு குழந்தை எதையாவது செய்தால் அதற்குப் பொதுவாக நான்கு காரணங்களில் ஒன்று இருக்கும் என்பது: ஏதோ ஒரு பொருள் வேண்டும், யாராவது கவனிக்க வேண்டும், ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது அதைச் செய்வதே உடம்புக்கு இதமாக இருக்கிறது. தரையில் விழுந்து புரள்கிற ஒரே காட்சிக்கு நான்கு காரணம் இருக்கலாம், காரணம் மாறினால் நாம் செய்ய வேண்டியதும் தலைகீழாக மாறும். கவனத்துக்காகக் கத்துகிறவனிடம் போய்க் கொஞ்சினால் கத்தல் வளரும், தப்பிக்கக் கத்துகிறவனை "போ, மூலையில் உட்கார்" என்றால் அவன் கேட்டதையே கொடுத்த மாதிரி ஆகிவிடும். இதைப் படித்த வாரம் வீட்டில் எல்லோரையும் இந்தக் கண்ணால்தான் பார்த்தேன். என் மாமனார் சாப்பாட்டு மேஜையில் தொண்டையைச் செருமுவது ரசத்துக்கா கவனத்துக்கா என்று ஒரு தாளில் குறித்துக்கூட வைத்தேன். ரசத்துக்குத்தான்.

தேர்வு 90 நிமிடம், 85 கேள்வி, அதில் 10-க்கு மதிப்பெண் கிடையாது, எந்தப் பத்து என்று சொல்லமாட்டார்கள். விண்ணப்பத்துக்கு 50 டாலர், தேர்வுக்கு 45 கட்டினேன். நிதானமாகப் படித்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. முன்பு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2026 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கூடவே 12 மணி நேர மேல்பயிற்சி என்று மாற்றியிருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

வீட்டுக்குப் போய்ச் செய்யும் செஷன்கள்தான் எனக்குப் பெரும்பாலும். என் முதல் குழந்தை நாலு வயதுப் பையன், தமிழ்க் குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வேலை, மதுரைப் பக்கத்துப் பாட்டிதான் பகலெல்லாம் அவனோடு. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வார்த்தை ஒன்றும் கிடையாது, வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். திட்டத்தில் முதல் இலக்கு, "ஓப்பன்" என்று கேட்க வைப்பது. வழி என்னவென்றால் அவனுக்கு உயிரான சோப்புக் குமிழி பாட்டிலின் மூடியை இறுக்கி மூடிக் கையில் கொடுத்துவிட வேண்டும். அவனால் திறக்க முடியாது, நம்மிடம்தான் வருவான். வந்ததும் உடனே திறக்கக் கூடாது. மூன்று விநாடி, ஐந்து விநாடி, அவன் முகத்தையே பார்த்துக் காத்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நாம் "ஓப்பன்" என்று சொல்லிக் காட்டி, அவன் வாயில் ஏதாவது ஒரு ஒலி வந்தாலும் சட்டென்று திறந்து ஊத வேண்டும். அந்த ஐந்து விநாடி இருக்கிறதே, சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன், நமக்குத்தான் பிள்ளை முகம் வாடுவதற்குள் கை போய்விடுமே.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. பாட்டிலை என் மடியில் வைத்தான், என் ஆள்காட்டி விரலை எடுத்து மூடி மேல் வைத்தான். நான் காத்திருந்தேன். என் விரலைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், சமையலறைப் பக்கம் பாட்டியைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, மூச்சோடு மூச்சாக, "தொற" என்றான்.

பாட்டி கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். நான் திறந்து ஊதினேன், வீடெல்லாம் குமிழி. மறுபடி மூடினேன், மறுபடி "தொற". பதினோரு தடவை.

இப்போது டேப்லெட்டில் பதிவு செய்ய வேண்டும். தானாகச் சொன்னால் கூட்டல் குறி, உதவியோடு சொன்னால் ஒரு எழுத்து, சொல்லாவிட்டால் கழித்தல். இலக்கு என்ன? "ஓப்பன்". அவன் "ஓப்பன்" சொன்னானா? இல்லை. திட்டத்தில் உள்ளபடியே டேட்டா எடுக்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதினோரு கழித்தல் போட்டேன். குறிப்புப் பகுதியில் நடந்ததை எழுதினேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தக் குறிப்பை யாரும் படிக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து வீடியோவில் வந்த பிசிபிஏ, கிராஃபைப் பார்த்துவிட்டு "முன்னேற்றம் இல்லையே" என்றார். நான் விளக்கினேன். குழப்பம் வராமல் இருக்க வீட்டில் எல்லோரும் ஆங்கிலமே பேசுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆங்கிலம் தெரியாத பாட்டி அடுத்த இரண்டு மாதம் பேரனிடம் வாயே திறக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் தட்டில் எதையாவது வைத்து நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு குழந்தையோடு நாளெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை மூடிவிட்டு அதற்குப் பேச்சு சொல்லிக்கொடுக்க நான் மணிக்கு 21 டாலர் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன, இது எனக்கே பிற்பாடுதான் தெரியும்.

அந்த பிசிபிஏ வேலையை விட்டுப் போனார், வேறொருவர் வந்தார். வெள்ளைக்காரப் பெண், என்னைவிடச் சின்னவர். முதல் நாளே நேரில் வந்தார், ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், ஒரு மணி நேரம் டேப்லெட்டைத் தொடவே இல்லை. என் பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு வந்திருந்தார் போல. பாட்டியைக் கூப்பிட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி, "இதை உங்கள் வீட்டில் எப்படிக் கேட்பீர்கள்?" என்று கேட்டார். பாட்டி என்னைப் பார்த்தார், பயந்துகொண்டே "தொற" என்றார். அந்தப் பெண் அதை மூன்று முறை தப்பாகச் சொல்லிப் பார்த்து, அப்புறம் திட்டத்தில் எழுதினார்: எந்த மொழியில் கேட்டாலும் சரி. இரண்டு வாரத்தில் "தா", "வா", "போதும்", நடுவில் ஒரு "மோர்" எல்லாம் வந்துவிட்டது.

என்னுடைய மொத்த விமர்சனமும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதே நிறுவனம், அதே சம்பளம், அதே குழந்தை, அதே நான். மேலே இருப்பவர் மாறினார், வேலையே வேறாகிவிட்டது. விதிப்படி நாம் மாதத்தில் செய்யும் மணி நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் நம்மை மேற்பார்வை செய்ய வேண்டும். மாதம் 100 மணி நேரம் செய்தால் 5 மணி நேரம், மாதத்துக்குக் குறைந்தது இரண்டு சந்திப்பு, ஒன்றிலாவது நாம் குழந்தையோடு வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மோசமான இடங்களில் அந்த 5-ஐ இலக்காக வைத்துக்கொண்டு வீடியோவில் கேமராவை அணைத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். நல்ல இடத்தில் அது ஆரம்பம் மட்டும்தான்.

இப்போது அடி வாங்கும் விஷயம். வாங்குவீர்கள். எல்லாக் குழந்தையும் அடிக்காது, ஆனால் யாராவது ஒருவர் கடிப்பார், முடியைப் பிடிப்பார். கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, தோல் கிழிந்துவிடும். கடித்த பக்கமே கையை மெல்ல வாய்க்குள் அழுத்தினால் தாடை தானாகத் தளரும். முடியைப் பிடித்தால் அந்தக் கையை நம் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலைத் தளர்த்த வேண்டும். இதற்குத் தனியாக ஒரு நாள் பயிற்சி உண்டு, அதை மட்டும் தூங்காமல் கேளுங்கள்.

ஜிமிக்கி போடாதீர்கள், கொண்டை போடுங்கள், தாலிச் சங்கிலியை டாப்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐபேடுக்காக அந்தப் பையன் கத்தினால் இனிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்த வாரம் அது. இப்படி ஒரு பழக்கத்துக்குப் பலன் நின்றுபோனால் அது குறைவதற்கு முன்னால் ஒருமுறை உச்சத்துக்குப் போகலாம், எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்பார்கள், எரிந்து முடியப் போகிற விளக்கு குப்பென்று எரிகிற மாதிரி. அந்தக் குப்பென்று எரிந்த நேரத்தில் என் சங்கிலி அவன் கைக்குப் போய் அறுந்தது. நான் பாடத்தில் சொன்னபடி முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தேன். பாட்டியால் முடியுமா? "ஐயோ, என்னம்மா இது" என்று தலையில் கை வைத்துக்கொண்டு பூஜை அறைக்கு ஓடினார், மஞ்சள் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, அவன் இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே, என்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டேன். எட்டு நிமிடத்தில் அவன் அடங்கினான், "தண்ணி" என்று கேட்டான், கொடுத்தேன்.

அப்புறம் சம்பவ அறிக்கை எழுத வேண்டும். சேதமான பொருள் என்ற கட்டத்தில் தாலியை எப்படி எழுதுவது? "நெக்லஸ்" என்று எழுதினேன். அடுத்த குழப்பம், 10 டாலருக்கு மேல் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று எங்கள் நெறிமுறையில் இருக்கிறது, அதுவும் எப்போதாவது ஒருமுறைதான். மஞ்சள் கயிற்றுக்கு என்ன விலை போடுவது? தினம் தினம் தட்டில் வரும் முறுக்கை என்ன செய்வது? நம்மூர் வீட்டில் வந்தவரை வெறும் வாயோடு அனுப்பமாட்டார்கள் என்பது இந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நான் முறுக்கில் ஒன்றை எடுத்துப் பையனிடம் கொடுத்து, அவன் எனக்குத் திருப்பித் தருவதைப் பகிரும் பயிற்சியாக மாற்றிக்கொண்டேன்.

பணம். இதில்தான் ஆள் நிற்பதில்லை. நம் வேலையை இன்ஷூரன்ஸில் 97153 என்ற எண்ணில், 15 நிமிடம் 15 நிமிடமாகப் பில் போடுகிறார்கள். குழந்தை முன்னால் இல்லாத நேரத்துக்குப் பில் இல்லை, பில் இல்லாத நேரத்துக்கு நமக்கும் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. வாரம் 25 மணி நேரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், குடும்பம் இந்தியா போய்விட்டது, பனி, பெற்றோருக்கு மீட்டிங், இப்படிப் போய் 16 மணி நேரத்துக்குச் சம்பளம் வந்த வாரங்கள் நிறைய. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ரூட் 1-இல் மாலை ஐந்து மணிக்கு ஓட்டினால் முக்கால் மணி நேரம், அதற்குக் குறைந்தபட்சக் கூலி. வாசலில் போய் நின்ற பிறகு "இன்று வேண்டாம்" என்று செய்தி வந்த நாட்களும் உண்டு. வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் தாங்கும். இதை மட்டுமே நம்பி வாடகை கட்டுவது கடினம், என்னோடு சேர்ந்த ஆறு பேரில் ஒரு வருடம் கழித்து இருந்தது நானும் இன்னொருத்தியும்தான்.

இந்தப் பயிற்சி முறையின் மீதே கோபம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு இதில் இறங்குங்கள். கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அஸ்திவாரம். வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போல ஆனார்கள் என்று சொன்னது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, தொடையில் அடிப்பதும் அதில் ஒரு உத்தியாக இருந்தது, அதையெல்லாம் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அடி போய்விட்டது. ஆனால் கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று மணிக்கணக்கில் பழக்கியது தங்களைக் காயப்படுத்தியது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எழுதுகிறார்கள். என் முதல் திட்டத்திலும் மூன்று விநாடி கண்ணைப் பார்க்க வைக்கும் இலக்கு இருந்தது, நானும் செய்தேன். அந்தப் பையன் மின்விசிறியைப் பார்த்துக் கையை உதறுவான், சந்தோஷத்தில். அதை நிறுத்தவும் ஒரு இலக்கு. புதிதாக வந்த பிசிபிஏ பெண் இரண்டு இலக்கையும் நீக்கிவிட்டார், "இதனால் யாருக்கு என்ன கஷ்டம்?" என்று ஒரே கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரும் ஏழு மாதத்தில் போய்விட்டார், அவர் தலையில் இருபதுக்கு மேல் குழந்தைகளைக் கட்டியிருந்தார்கள்.

அவர் போன பிறகு நானும் நிறுவனம் மாறிவிட்டேன். இரண்டாவது இடத்தில் நேர்காணலில் மூன்றே கேள்வி கேட்டேன்: ஒரு பிசிபிஏ கையில் எத்தனை குழந்தைகள், அவர் நேரில் மாதம் எத்தனை முறை வருவார், செஷன் கடைசி நேரத்தில் ரத்தானால் சம்பளம் உண்டா. மூன்றாவதுக்கு "24 மணி நேரத்துக்குள் ரத்தானால் பாதி" என்றார்கள், அதற்கே சேர்ந்தேன். இப்போது மணிக்கு 24. முதல் இரண்டு கேள்வியைப் பெற்றோரும் கேட்கலாம், கேட்க வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் எடுத்ததும் வாரம் 35, 40 மணி நேரம் என்று சொல்லும் இடத்தில், ஏன் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், பதில் குழந்தையைப் பற்றி இருக்கிறதா இன்ஷூரன்ஸ் அனுமதியைப் பற்றி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். டெக்னீஷியன் மாறிக்கொண்டே இருந்தால் அதற்கும் காரணம் கேளுங்கள், அவள் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பும் யோசனையில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சான்று அமெரிக்க வாரியத்துடையது, 2023 முதல் இந்தியாவிலிருந்து புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அங்கே சிறப்புக் கல்வி ஆசிரியராக வேண்டும் என்றால் ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவுதான் வழி, சென்னை முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்தில் விசாரித்துப் பாருங்கள். இங்கே கற்ற கைப்பழக்கம் வீணாகாது, காகிதம் மட்டும் செல்லாது.

நட்சத்திரம் போட வேண்டுமாம். 40 மணி நேரப் பயிற்சிக்கு இரண்டு. முதல் நிறுவனத்துக்கு ஒன்று, அந்தப் பெண் இருந்த ஏழு மாதத்துக்கு மட்டும் ஐந்து. இப்போது இருக்கும் இடத்துக்கு மூன்றரை, அரை நட்சத்திரத்தைப் பயணக் காசுக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

இன்று 3:30-க்கு ஒரு செஷன் இருக்கிறது. காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. கொண்டை போட்டாயிற்று, குமிழி பாட்டில் பையில் இருக்கிறது. மணி இரண்டே கால், இன்னும் கேன்சல் மெசேஜ் வரவில்லை.